இடுப்பு வலிக்கு மசாஜர் வாங்கும்போது கை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அறுந்த பாவு (நீளவாட்டு) இழையை எடுத்து முடிச்சுப் போடுவதற்கும், குறுக்கே ஓடும் நாடாவில் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, மாற்றுவதற்கும் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிகிறோம் என்று அப்பா எண்ணிப் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகளாகக் குனிந்து நிமிர்ந்த இடுப்பு, சென்ற ஐப்பசியில் ஒரு காலை அவரைக் கட்டிலை விட்டு எழவிடாமல் பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகவில்லை, தசைதான் இறுகியிருக்கிறது, படுத்தே கிடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், வலி கூடும் இரவுகளில் கையில் பிடித்துப் பயன்படுத்தும் மசாஜர் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவசரப்பட்டு நான் இணையத்தில் வாங்கியது துப்பாக்கி வடிவக் கருவி. முப்பது வேகம், எட்டுத் தலைகள் என்று போட்டிருந்ததில் மயங்கிவிட்டேன். ஒரு கிலோவை நெருங்கும் அதைப் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்பிலேயே வைக்க வேண்டுமானால் மணிக்கட்டை முறுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டே நாளில் அப்பாவுக்குத் தோள்பட்டையும் சேர்ந்து வலித்தது. அம்மாவைப் பிடிக்கச் சொல்லலாம்தான். ஆனால் தறி ஓடும் நேரமெல்லாம் அவர் தார் சுற்ற உட்கார்ந்திருப்பார்.

ஆகவே, வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கருவியைப் பிடிக்கப்போவது யார் என்பதே. தானே பிடிப்பவருக்கு நீண்டு வளைந்த கைப்பிடி உள்ளதுதான் ஏற்றது. அதிலும், எடை முழுவதும் தலைப்பகுதியில் இருந்தால் கை சீக்கிரம் சலித்துவிடும் என்பதால், கடையிலேயே முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது முறை அப்பாவையே கோவை காந்திபுரத்தில் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா கருவியை ஓடவிட்டு, அதன் தலையை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, தறி மோட்டாரைக் கேட்பதுபோலக் காதைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் எறங்குது பாரு கண்ணு, இதுல இழுவை பத்தாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "வேற ஒன்னு காட்டு சாமி" என்றார். நிமிடத்துக்கு 3,000 இடி என்று எழுதியிருந்தாலும், உடம்பில் அழுத்தியதும் மோட்டார் திணறினால் அந்த எண்ணால் பயனில்லை. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

தோலின்மேல் அதிர்பவை ஒரு வகை, தலை முன்னும் பின்னும் போய்வந்து இடிப்பவை இன்னொரு வகை. இடிப்பவற்றில் தலை எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் பின்பக்கத்தின் தடித்த தசை வரை இறங்கும். சதை வற்றிய முதியவர்களுக்கு அது அதிகம், அதிர்வு வகையே போதும். பேட்டரியா ஒயரா என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை: வீட்டோடு இருப்பது ஒயர் உள்ளதாகவே இருக்கட்டும். தறி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: கொட்டகைக்குள் வைத்தால் காற்றுத் துளைகளில் பஞ்சு அடைந்து மோட்டார் சூடாகிவிடும்.

மசாஜரால் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் தற்காலிகமானது. தொடுதலும் அதிர்வும் கொண்டுசெல்லும் செய்தி, தண்டுவடத்தில் வலியின் செய்தியை முந்திக்கொண்டு வாசலை அடைக்கிறது என்று 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் அதனால்தான். நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சியோடு மசாஜுக்கு இடமுண்டு. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதை அது பரிந்துரைக்கவில்லை.

முதுகெலும்பின்மேல் கருவியை வைக்கவே கூடாது. அதன் இருபுறமும் உள்ள சதையில் மட்டும், ஓரிடத்தில் ஒன்றிரண்டு நிமிடம். விலாவுக்குக் கீழே சிறுநீரகப் பகுதியையும் கழுத்தின் முன்பக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சர்க்கரையால் தோல் மரத்துப்போனவர்கள் சூடேற்றும் பொத்தானைத் தொடாதிருப்பது நல்லது, சுட்டாலும் தெரியாது. வலி காலுக்கு இறங்கி, கால் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது இரவு தறியை நிறுத்தியதும் அப்பா பயிற்சியை முடித்துவிட்டு, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பத்து நிமிடம் தானே பிடித்துக்கொள்கிறார். முதலில் வாங்கிய கருவி அம்மாவின் கெண்டைக்காலுக்குப் போய்விட்டது. அந்த இடத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.