சங்கீதம் 136 கைப்பிரதி: பல்லவிப் பத்தி நேராக நின்றுவிட்டது

பதினாறாம் வசனம் வரை எழுதியாகிவிட்டது. வலதுபுறப் பத்தியில் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ ஒன்றன்கீழ் ஒன்றாக, எங்கும் இடிபடாமல் தூண்போல நிற்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்னும் பத்து வசனங்கள் பாக்கியிருக்கின்றன. ஆனாலும் இந்தச் சந்தோஷத்தை முழுத் தாளும் முடியும்வரை அடக்கி வைக்க முடியவில்லை. வேதவசனங்களைக் கையால் எழுதுகிறவர்களுக்குக் கோடு போடுவதும் பேனா பிடிக்கும் கோணமும் தெரிந்தவைதான், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தச் சங்கீதத்துக்கே உரிய தொல்லையை மட்டும் சொல்கிறேன்.

தொல்லை பல்லவிதான். இருபத்தாறு வசனங்களும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. அதைத் தனிப் பத்தியாகப் பெரிய எழுத்தில் எழுத ஆசைப்பட்டால், தமிழ் எழுத்தின் வாலும் கொக்கியும் உடனே சண்டைக்கு வருகின்றன. ‘கி’யின் கொக்கி மேலே எழும்பி வலப்புறம் வளைந்து அடுத்த எழுத்தின் தலைக்கு மேல் நிற்கும். மேல்வரியில் இருக்கும் ‘ரு’வின் வால் இறங்குவதும் சரியாக அதே இடத்துக்குத்தான். ‘ன்’ மேலுள்ள புள்ளிக்குப் பக்கத்திலேயே மேல்வரி ‘று’ இறங்கி வரும். ‘மு’வும் ‘து’வும் தங்கள் பங்குக்குக் கீழே நீள்கின்றன. சாதாரண உரையில் இப்படி இடிப்பது எங்கோ ஓரிடத்தில் நடக்கும். கண்ணும் அதைக் கண்டுகொள்ளாது. ஒரே வாக்கியம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போதோ ஒரே இடத்தில், ஒவ்வொரு வரியிலும் நடக்கிறது. தாளின் நடுவே கறை இறங்கியதுபோல ஒரு கருப்புக் கோடு தெரியும்.

ஒரு வரியை உள்ளே தள்ளி அடுத்த வரியை வெளியே இழுத்து எழுதினால் இடிக்காது என்பார்கள். இடிக்காதுதான். ஆனால் பத்தி பல்வரிசை தப்பியதுபோல் ஆகிவிடும். இந்தச் சங்கீதத்துக்கு அது பொருந்தாது. இங்கே பல்லவி அசையக் கூடாது. அசையாமல் நிற்பதுதான் அதன் செய்தி.

கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். பட்டைமுனை நிப்பின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு எழுத்தின் உடலுக்கு, மூன்று மடங்கு மேலே கொக்கிக்கு, மூன்று மடங்கு கீழே வாலுக்கு. 1.5 மில்லிமீட்டர் நிப் என்றால் ஒரு வரிக்கு 16.5 மில்லிமீட்டர் வேண்டும். இருபத்தாறு வரிக்கு 429. ஏ3 தாளின் உயரமே 420தான். மேல்வரியின் வாலுக்கும் கீழ்வரியின் கொக்கிக்கும் ஒரே இடைவெளியைப் பங்கிட்டுக் கொடுத்தால் 317 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் இடி தொடங்குவதே அந்தப் பங்கீட்டில்தான். ஆகவே 1.1 நிப்புக்கு இறங்கினேன். வரிக்கு 12.1, மொத்தம் 314.6. தலைப்புக்கும் ஓரங்களுக்கும் சேர்த்து 105 மில்லிமீட்டர் மிச்சம். எழுத்து கொஞ்சம் சிறியதாயிற்று, ஆனால் ஒவ்வொரு வாலுக்கும் அதற்கென்று சொந்த இடம் கிடைத்துவிட்டது. பெரிய நிப்பின் கம்பீரத்தை விட மனமில்லாதவர்கள் ஏ2 தாளுக்குப் போகலாம். அதற்கு மேசை பெரியதாக இருக்க வேண்டும்.

வசனத்தின் முதற்பாதி இடதுபுறத்தில், சிறிய ஊற்றுப் பேனாவில், தேவைப்பட்டால் இரண்டு வரியாக. பல்லவி வலதுபுறத்தில், தொட்டெழுதும் பட்டைமுனையில். அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மை தொடுகிறேன்: ‘அவர்’ தொடங்கும் முன் ஒரு தரம், ‘என்றுமுள்ளது’ தொடங்கும் முன் இன்னொரு தரம். ஒரே தொடுதலில் முழு வாக்கியத்தையும் இழுத்தால் கடைசி ‘து’ வெளிறிப்போகிறது. ‘என்றுமுள்ளது’ நடுவில் தொட்டாலோ ஒரே சொல்லில் இரண்டு நிறம் தெரிகிறது. ‘கிருபை’க்கும் ‘என்று’க்கும் இடையிலுள்ள வெளிதான் மை தொடுவதற்கு ஏற்ற இடம். இதைக் கண்டுபிடித்தபின் வேலையே மாறிப்போனது.

இப்போது நான் விட்டுக்கொடுக்க மாட்டாத விஷயத்துக்கு வருகிறேன். வலதுபுறப் பத்தியை முதலில் இருபத்தாறு முறை எழுதி முடித்துவிட்டு, பிறகு இடதுபுறத்தை நிரப்பினால் வேலை சுலபம். பேனா மாற்ற வேண்டாம், கை ஒரே தாளத்தில் ஓடும், எழுத்தும் ஒரே அளவில் விழும். கைத்திறன் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். வசனம், உடனே பல்லவி; அடுத்த வசனம், மறுபடியும் பல்லவி. தாள் முடிவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட முறை பேனா கைமாறும். மாறட்டும்.

காரணம், இந்தப் பல்லவி தனியாகப் பிறந்ததல்ல. வானங்களை ஞானமாய் உண்டாக்கினவரை எழுதிவிட்டு ‘அவர் கிருபை’ என்று எழுதும்போது கை மெதுவாகிறது. சந்திரனையும் நட்சத்திரங்களையும் எழுதிய பிறகு அதே வாக்கியம் வேறு விதமாகக் கனக்கிறது. சிவந்த சமுத்திரம் பிளந்த பின்பு எழுதும்போது மூச்சு விட முடிகிறது. எழுத்துகள் அவையே, எழுதுகிறவன்தான் ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் நிற்கிறான். பத்தியை முதலிலேயே எழுதி முடித்தால் அழகான தூண் கிடைக்கும், துதி கிடைக்காது.

கூர்ந்து எழுதும்போது இன்னொன்றும் பிடிபட்டது. சந்திரன் இருப்பதற்காக நன்றி சொல்லுங்கள் என்று இந்தச் சங்கீதம் எங்கும் சொல்வதில்லை. சந்திரனைப் படைத்தவரைத் துதியுங்கள் என்கிறது. பிரித்தவரை, நடத்தினவரை, தந்தவரை என்று ஒவ்வொரு வசனமும் பொருளைக் கடந்து, அதைச் செய்தவரிடம் போய்த்தான் நிற்கிறது. வாசிக்கும்போது நாவு இதைத் தாண்டி ஓடிவிடுகிறது. எழுதும் கை தாண்ட முடியாது.

கண் தாண்டுவது வேறு விஷயம். பழங்காலத்தில் பிரதி எடுத்தவர்களுக்கு இருந்த பெரிய அபாயமே அதுதான். இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால், மூலத்துக்குத் திரும்பும் கண் முதல் வரிக்குப் பதில் இரண்டாவதில் போய் விழும். நடுவில் உள்ளது விடுபட்டுப்போகும். விவிலியக் கைப்பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த வகை விடுபடல்களை நிறையக் காட்டுகிறார்கள். 136-ஐவிட வசதியான பொறி வேறு எங்கே அமையும்? அதிலும் 17, 18 வசனங்கள் பெரிய ராஜாக்கள், பிரபலமான ராஜாக்கள் என்று இரட்டைப் பிள்ளைகள். 21, 22-ல் தேசத்தைச் சுதந்தரமாகத் தருவது இரண்டு முறை வருகிறது. வேதாகமத்தின்மீது ஒரு கெட்டி அட்டையை வைத்து, எழுதும் வசனத்துக்குக் கீழே உள்ளதை முழுவதும் மூடிவிடுகிறேன். வசனம் முடிந்தபின்தான் அட்டை இறங்கும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

அடுத்துக் காத்திருப்பவை அந்த ராஜாக்களின் வசனங்கள்தான். எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக். சபையில் வாசிக்கும்போது இவற்றை வேகமாகக் கடந்து, இருபத்தைந்தாம் வசனத்தில் ஆகாரம் கொடுக்கிறவரிடம் வந்ததும்தான் குரல் இளகுகிறது. எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. சீகோனுக்கும் 12.1 மில்லிமீட்டர், நட்சத்திரங்களுக்கும் 12.1 மில்லிமீட்டர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜனம், வழிமறித்த பெரிய சேனைகளுக்கு முன்னால் நின்றபோது அவர்களைக் காத்தது எது என்பதை அந்த வசனங்கள் மறைக்காமல் சொல்கின்றன. எனக்கு அவை இன்னும் கடினமானவையே. கடினம் என்பதற்காக வேகமாக எழுதக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.

தாளைப்பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அழகெழுத்துக்கென்று அட்டையில் போட்டு விற்கும் தாள்களில் பாதி மையை உறிஞ்சி நார்நாராகப் பரப்புகின்றன. எடை அதிகமாக இருந்தால் போதும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பார்க்க வேண்டியது எடையை அல்ல, மேற்பூச்சை. ஒரே ஒரு தாளை மட்டும் விலைக்குத் தரும் விற்பனையாளரே நல்ல விற்பனையாளர்; ஓரத்தில் பட்டைமுனையால் ‘று’ ஒன்று எழுதிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கலாம். கட்டாகத்தான் தருவேன் என்கிறவரிடம் நான் போவதில்லை.

மைக்கு மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய இரும்பு மையைத்தான் விரும்புகிறேன். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறம். காற்றுப் பட்டுப் பட்டு, பிறகு கருக்கிறது. எழுதி முடித்த வசனத்தைவிட நேற்றைய வசனம் அழுத்தமாகத் தெரியும். இந்த மையை ஊற்றுப் பேனாவுக்குள் ஊற்றாதீர்கள், அமிலம் உள்ளே அரிக்கும். தொட்டெழுதும் நிப்பையும் ஒவ்வொரு அமர்வுக்குப் பின் கழுவித் துடைத்துவிட வேண்டும். இடதுபுறச் சிறு எழுத்துக்கு ஊற்றுப் பேனாவுக்கென்றே விற்கும் சாதாரணக் கருப்பு மை போதும்.

மை காய்வதற்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பல்லவி வேதத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். தேடத் தேட உடல் சிலிர்த்தது. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் பாடகரும் பூரிகை ஊதுகிறவர்களும் ஒரே சத்தமாக இதைப் பாடினபோது ஆலயம் மேகத்தால் நிறைந்தது. ஆசாரியர்கள் ஊழியம் செய்து நிற்க முடியாமற்போயிற்று (2 நாளாகமம் 5). யூதாவின் ராஜாவாகிய யோசபாத்தின் நாளில் பாடகர்கள் ஆயுதம் தரித்தவர்களுக்கு முன்னால் நடந்துபோய் இதையே பாடினார்கள் (2 நாளாகமம் 20). சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோதும் இதுதான். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்த சத்தமாய் அழுததால், சந்தோஷ ஆரவாரம் எது, அழுகை எது என்று ஜனங்களால் பகுத்தறிய முடியவில்லை (எஸ்றா 3). யூதர்கள் 136-ஐப் பெரிய அல்லேல், அதாவது பெரிய துதி, என்று அழைத்துப் பஸ்கா இரவில் இன்றும் சொல்கிறார்கள். மகிமையின் மேகத்துக்கும் யுத்தக்களத்துக்கும் இடிபாடுகளுக்கும் ஒரே வாக்கியம். அதே வாக்கியத்தை நான் ஒரு மேசையில் உட்கார்ந்து, வால் இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசாரியர்களை நிற்கவிடாத சொற்கள் என் கையில் இத்தனை எளிதாக வந்து அமர்கின்றனவே என்ற பயம் சில சமயம் வருகிறது. அந்தப் பயம் நல்லது. அது வந்த நாளில் எழுத்தும் நன்றாக அமைகிறது.

இதன் பக்கவேலையாக ஒரு சிறு நோட்டும் தொடங்கியிருக்கிறேன். அன்றாட நன்றிகளைச் சங்கீதத்தின் அச்சிலேயே எழுதுவது. காய்ச்சல் தணிந்தது, நன்றி என்று எழுதக் கூடாது. ‘காய்ச்சலைத் தணித்தவரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று முழுவதும் எழுத வேண்டும். மழைக்கு முன் காய்ந்த துணி, பேசாதிருந்த உறவினரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, தாமதமாகப் போயும் கிடைத்த பஸ் எல்லாம் இந்த அச்சுக்குள் வருகின்றன. பஸ்ஸை எழுதும்போது கை தயங்கியது. இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு பெரிய பல்லவியா? ஆனால் இருபத்தைந்தாம் வசனம் மாம்சதேகமுள்ள யாவுக்கும் கிடைக்கிற ஆகாரத்தைச் சமுத்திரம் பிளந்ததற்குச் சமமாக, அதே பல்லவியோடு வைக்கிறது. அப்புறம் தயங்கவில்லை. துக்கமான நாளில் நோட்டு கடினம்தான். அப்போது புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை. இருபத்துமூன்றாம் வசனத்தை அப்படியே பிரதி எடுக்கிறேன். நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர். இஸ்ரவேலின் கதையாக ஓடிக்கொண்டிருந்த சங்கீதம் சட்டென்று ‘நாம்’ என்று திரும்பும் இடம் அது.

இதற்குள் அடுத்த தாளுக்கும் மனம் ஓடிவிட்டது. 119-ஆம் சங்கீதத்துக்கு நூற்றெழுபத்தாறு வசனங்கள், எட்டெட்டாக இருபத்திரண்டு பிரிவுகள். பிரிவுக்கு ஒரு தாள் வைத்தால் ஒரு தொகுப்பாகக் கட்டலாம். அதற்கு முன் 145. சவக்கடலோரத்துக் கும்ரானின் பதினோராம் குகையில் 1956-ல் கிடைத்த சங்கீதச் சுருளில் 145-க்கும் வசனந்தோறும் ஒரு பல்லவி சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கர்த்தரையும் அவர் நாமத்தையும் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கும் வரி. யாரோ ஒரு வேதபாரகர், அத்தனை முறையும் சலிக்காமல் அதை எழுதியிருக்கிறார். அவருடைய சுருளில் வரிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

136-ல் இப்போது தீர்மானிக்க வேண்டியது இருபத்தாறாம் வசனத்தின் கடைசி ‘து’. கீழே வேறு வரி இல்லாததால் அதன் வாலை ஓரம்வரை நீட்ட இடம் இருக்கிறது. நீட்டினால் தாள் முடிவு பெறும். நீட்டாவிட்டால் பல்லவி இன்னும் தொடர்வதுபோல் இருக்கும். இப்போதைக்கு நீட்டாமல் விடுவதாக இருக்கிறேன். சீகோனையும் ஓகையும் எழுதி முடித்தபின் மறுபடியும் எழுதுகிறேன்.