பிண்ணாக்கும் பெருவயிறும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் வட்டாரத்தில் செம்பனை மரங்களுக்கிடையே மேயும் மாடுகளுக்கு விலை பேசும் நம்மவர்கள், அவற்றின் தீவனத்தைப் பற்றி அதே அக்கறையுடன் பேசுவதில்லை. மாட்டிறைச்சியைத் தொடாத குடும்பங்களும் விற்பனைக்காக மாடு வளர்க்கின்றன என்பதால், இது பிழைப்பைச் சார்ந்த செய்தி.

எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு வரை புரதம் உண்டு. உள்ளூரிலேயே கிடைப்பதால் அது நமக்கு வாய்த்த தீவனம்தான். ஆனால் அது பொடியாக இருப்பதால், நீண்ட நாரைப் போல மாட்டை நெடுநேரம் அசைபோட வைப்பதில்லை. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட்டே, மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றின் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. இத்துடன் மக்காச்சோளம், நொய்யரிசி போன்ற மாவுச்சத்தைத் திடீரென அள்ளிக் கொடுத்தால், அமிலம் மிகுந்து பி.எச். அளவு 5.5க்கும் கீழே இறங்கி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நலிந்து, மாடு தீவனத்தையே வெறுக்கும். பேதி கண்டபின் மருந்து தேடுவதைவிட, தீவன மாற்றத்தை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகச் செய்வதே மேல் என்பது என் கருத்து.

நாருக்கு அலைய வேண்டியதில்லை. நறுக்கிய செம்பனை மட்டையைத் தீவனமாக்குவதை மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகமான மார்டியின் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர்.

ஒன்று மட்டும்: இந்தப் பிண்ணாக்கில் செம்புச்சத்து மிகுதி. மாடு தாங்கும், செம்மறியாட்டுக்கோ அது கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும். ஒரே கொட்டகையில் இரண்டையும் வளர்ப்பவர்கள் தீவனத் தொட்டிகளைப் பிரித்தே வைக்க வேண்டும்.