கற்கண்டும் கல்லுப்பும்

நேத்து பொண்ணுக்கு கரைதிறன் பாடம் சொல்லிக் குடுக்க உக்காந்தேன், கொஞ்ச நேரத்துல புக்க மூடிட்டு அடுப்படிக்கே கூட்டிட்டுப் போயிட்டேன். 100 கிராம் தண்ணில ரூம் சூட்டுல சர்க்கரை சுமார் 200 கிராம் கரையும், கொதிக்கிற சூட்டுல 480 கிராமுக்கு மேல போகும். உப்பு? சாதாவா 36 கிராம், கொதிக்க வச்சாலும் 39தான்! எனக்கு இன்னமும் ஆச்சரியம் இது. கெட்டிப் பாகை மெதுவா ஆறவிட்டா மேற்கொண்டு கரைஞ்சு நிக்க முடியாத சர்க்கரை நூல்ல படிஞ்சு கற்கண்டா வளரும், ஆனா உப்பை அப்படி ஆறவச்சு எடுக்க முடியாது, தண்ணியே ஆவியாப் போகணும், அதான் தூத்துக்குடி உப்பளத்துல பாத்தி கட்டி வெயில்ல காய விடுறாங்க. கடல் தண்ணி லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்புகள், அது பத்துல ஒரு பங்கா வத்துறப்பதான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடியே ஜிப்சம்ங்கிற கால்சியம் உப்பு அடில இறங்கிடும், கடைசில மிஞ்சுற கசப்புத் தண்ணில மெக்னீசியம் உப்புங்க கரைஞ்சே கிடக்கும். ஒரு கல்லுப்ப உள்ளங்கைல வச்சு லென்ஸ்ல காட்டினேன், ஓரமெல்லாம் சதுரம் சதுரமா வெட்டினாப்புல இருந்துச்சு, உடனே டப்பாவையே கவுத்து ஒவ்வொன்னா பாக்க உக்காந்துட்டா.