மயிலை மாட்டுக்குச் சொட்டுநீலம்

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டை (வேலி போட்ட மேய்ச்சல் காடு) கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிளுவை வேலிகூட இலை கொட்டி வெறும் முள்ளாக நிற்கும், கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், பச்சை என்று சொல்ல அங்கங்கே குடை விரித்த மாதிரி நிற்கிற வெள்வேல மரங்கள்தான். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) காட்டில் அதைப் படம் எடுத்தேன். முன்னால் புல், நடுவில் ஒரு மரமும் அதன் நிழலில் மயிலை மாடும் (சாம்பல் நிற மாடு), தூரத்தில் புழுதி மூட்டத்துக்குள் சிவன்மலை.

ராத்திரி டார்க்டேபிளில் திறந்து உட்கார்ந்தேன் (படம் திருத்துகிற இலவச மென்பொருள், எனக்கு இதுவே போதும்). கை சும்மா இருக்குமா? மூட்டம் நீக்கும் ஸ்லைடரை ஏற்றினேன், மலை பளிச்சென்று வந்துவிட்டது. மஞ்சளைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளினேன். புல் நம் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்தாலும் மென்பொருளின் கணக்கில் பெரும்பாலும் மஞ்சளில்தான் இருக்கும், அதனால் அந்த ஒரு ஸ்லைடரிலேயே காடு முழுக்க மழை பெய்துவிட்டது. ஷார்ப்னெஸ்ஸையும் ஏற்றினேன். கடைசியாக சாச்சுரேஷன், அதாவது நிறத்தின் அழுத்தம். அசந்துபோய் நானே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்புச்சியிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது யாரு காடு?"

"நம்ம காடுதானுங்க அப்புச்சி."

"அப்ப மாட்டுக்கு எதுக்குச் சொட்டுநீலம் போட்டு உட்ட?"

பெரிதாக்கிப் பார்த்தால் மாடு நிஜமாகவே நீலம். நிழலில் நிற்கிற சாம்பல் நிற உடம்பில் வானத்தின் வெளிச்சம் லேசாக நீலம் பூசியிருக்கும், நேரில் நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, சாச்சுரேஷனை ஏற்றினால் அதுவும் எகிறிக்கொண்டு வரும். இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. மூட்டத்தை எடுத்ததில் மலை ரெண்டு வயல் தள்ளி இருக்கிற மாதிரி கிட்ட வந்துவிட்டது, தூரம் என்று நமக்குக் காட்டுவதே அந்தப் புழுதிதானே. மரத்தைச் சுற்றிச் சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி வெள்ளைக் கோடு வேறு, அது ஷார்ப்னெஸ் வேலை. சென்சாரில் இருந்த தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக!

சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். நல்லவேளை ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, இருந்தது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384, அதனால் நன்றாக இழுத்தாலும் வானம் லேசில் பட்டை பட்டையாகப் பிரியாது. முதலில் ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்வது. கேமரா ஆட்டோவில் இருந்ததால் சாயங்கால மஞ்சள் வெயிலைத் தப்பு என்று நினைத்துக் கழுவிவிட்டிருந்தது, பகல் வெயிலுக்கான 5500 கெல்வின் வைத்ததும் செம்மண் செம்மண்ணாக வந்தது. மரத்தடி இருட்டை மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரித்து) கொஞ்சம் தூக்கினேன், மாட்டின் மேல் தனியாக ஒரு மாஸ்க் போட்டு நீலத்தை இறக்கினேன். மாட்டின் முதுகில் வெயில் விழுந்த ஓர் இடம் மட்டும் சுத்தமாக வெளுத்துப் போயிருந்தது. அங்கே விவரமே பதிவாகவில்லை, எந்த ஸ்லைடரும் அதைக் கொண்டுவராது, எடுக்கும்போதே வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்திருக்க வேண்டும். புழுதியை அப்படியே விட்டுவிட்டேன். ஓரத்தில் இருந்த கரண்டு கம்பத்தை அழிக்கலாமா என்று பத்து நிமிஷம் யோசித்து அதையும் விட்டுவிட்டேன், அது இல்லாமல் போர்வெல் எப்படி ஓடும்!

ரெண்டாவது படத்தை அப்புச்சி ரொம்ப நேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையின் இடது மூலையில் விரலை வைத்து, "படலை யாரு தொறந்து போட்டது? மாடு வெளிய போயிருந்தா?" என்றார்.

நான்தான். படம் எடுக்க உள்ளே போனபோது சாத்த மறந்திருந்தேன்.