பின்னால் வந்தவருக்கு உடனே ஆஞ்சியோ, அப்பாவுக்கு ஏன் இல்லை?

எங்களுக்குப் பிறகு வந்தவரை எங்களுக்கு முன்னாலேயே ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு 78 வயது, நாள்பட்ட சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் முன்பே கொஞ்சம் கூடுதல். "வயசானவர்னு தள்ளி வைக்கிறாங்களோ?" என்று தம்பி கொதித்தான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நேராகவே கேட்டேன்.

டூட்டி டாக்டர் அப்பாவின் ஈசிஜியை எடுத்துக் காட்டினார். "இந்தக் கோடு மேல தூக்கியிருந்தா ரத்தக் குழாய் முழுசா அடைச்சிடுச்சுன்னு எடுத்துக்குவோம். நிமிஷத்துக்கு நிமிஷம் தசை செத்துக்கிட்டிருக்கும். அவங்களை நிறுத்தி வைக்கவே முடியாது. உங்க அப்பாவுக்குக் கோடு கீழ இறங்கியிருக்கு. குழாய் சுருங்கியிருக்கு, ஆனா ரத்தம் இன்னும் ஓடுது. இதுவும் அட்டாக்தான்மா, ஆனா அவசரம் வேற மாதிரி."

முதல் வகைக்கு ஸ்டெமி என்று பெயர். ஈசிஜியில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைத்துக் குழாயைத் திறக்க வழியிருந்தால் அதுவே முதல் தேர்வு. அந்த வசதி தூரத்தில் இருந்தால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அப்பாவுடையது இரண்டாவது வகை, என்ஸ்டெமி. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் பரிசோதனையை இடைவெளி விட்டு மறுபடி எடுத்தார்கள். அளவு ஏறியிருந்தது, உறுதியானது.

இதற்கிடையில் சித்தப்பா போனில், "கட்டி கரைக்கிற ஊசியைப் போடச் சொல்லு, என் ஃபிரெண்டு அதுலதான் பிழைச்சான்" என்று பிடிவாதமாக நின்றார். அவருடைய நண்பருக்கு வந்தது ஸ்டெமியாக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் வகைக்கு அந்த ஊசியால் பலன் இல்லை, மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்துதான் மிச்சம் என்பது 1990களிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். ஒருவரைக் காப்பாற்றிய மருந்து என்பதற்காக அடுத்தவருக்கும் கேட்பது உறவுக்காரர்களின் பழக்கம். அன்பில் வருவதுதான், ஆனால் அந்த நேரத்தில் தலைவலி.

ஆஸ்பிரினை மென்று விழுங்க வைத்தார்கள், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. அடங்காமல் இருந்தாலோ, பிரஷர் விழுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, இதயத் துடிப்பு தறிகெட்டாலோ இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோயிருப்பார்களாம். அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் வயது, கிரியாட்டினின், ஈசிஜி எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தைக் கணக்கிடும் கிரேஸ் மதிப்பெண் 140ஐத் தாண்டியிருந்தது, அதாவது ஆபத்து அதிகம்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் இதய டாக்டர். "24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ பண்ணி, தேவைப்பட்டா ஸ்டென்ட் வைக்கிறது ஒண்ணு. மாத்திரையில வச்சுக் கவனிச்சு, திரும்ப வலி வந்தா மட்டும் உள்ள போறது இன்னொண்ணு. ஆஞ்சியோவுக்குப் போடுற டை கிட்னியைத் தொந்தரவு பண்ணலாம். ரத்தக்கசிவு ஆபத்தும் இருக்கு. பேசிட்டுச் சொல்லுங்க."

அன்று இரவு தம்பியும் நானும் கிடைத்ததையெல்லாம் படித்தோம். 2009இல் வெளிவந்த டைமேக்ஸ் ஆய்வில், சீக்கிரம் ஆஞ்சியோ செய்வதால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கிரேஸ் 140க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் மரணம், மறு அட்டாக், பக்கவாதம் மூன்றும் சேர்ந்து 21 சதவீதத்திலிருந்து 13.9ஆகக் குறைந்திருந்தது. "அப்ப அப்பாவுக்கு உடனே பண்ணிடலாம்" என்றான் தம்பி. நான் தயங்கினேன். ஆய்வில் சேர்ந்தவர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எதுவும் கிடைக்கும். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் இதைக் காட்டுவதற்கென்றே பிறந்த தேதிப்படி ராசி பார்த்துப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதது போல வந்தது! மற்ற எல்லா ராசிக்காரர்களுக்கும் அமோக பலன். அப்பா துலாம். சிரித்துக்கொண்டோம்.

எங்களுக்கு உண்மையில் உதவியது 2024இல் வெளியான சீனியர்-ரீட்டா. 75 வயது தாண்டிய என்ஸ்டெமி நோயாளிகள் 1,518 பேர். பாதிப் பேருக்கு ஆஞ்சியோ வழி, பாதிப் பேருக்கு மருந்து மட்டும். நான்கு வருடம் போல் பார்த்தும், இதய நோயால் மரணமும் மறு அட்டாக்கும் சேர்ந்த கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். உயிர் போகாத மறு அட்டாக் மட்டும் 15 சதவீதத்திலிருந்து 11.7க்கு இறங்கியிருந்தது. அதாவது இந்த வயதில் ஆஞ்சியோ ஆயுளைக் கூட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. இன்னொரு அட்டாக்கைத் தவிர்க்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்போதுதான் உறைத்தது: இதை அப்பாவிடம் கேட்கவே இல்லையே, அவர் முழு நினைவோடுதானே படுத்திருக்கிறார் என்று. போய்ச் சொன்னேன். "எத்தனை வருஷம்னு கணக்கு எனக்கு வேண்டாம்மா. இந்த வலி திரும்ப வரக்கூடாது. அதுக்கு எது ஒத்து வருமோ அதைப் பண்ணுங்க," என்றார். எங்கள் வாதம் அத்தோடு முடிந்தது.

மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். தொடையைவிட அங்கே ரத்தக்கசிவு குறைவு. முன்னதாக சலைன் ஏற்றினார்கள், டையை முடிந்த அளவு குறைத்தார்கள், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோடு சேர்க்க வேண்டிய இரண்டாவது மாத்திரையை மட்டும் அதுவரை கொடுக்கவில்லை. குழாய்களைப் பார்த்துவிட்டு பைபாஸ் என்று முடிவானால், அந்த மாத்திரையின் வேகம் இறங்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டி வருமாம்.

பைபாஸ் தேவைப்படவில்லை. முன்பக்கத்துப் பெரிய குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு அந்த இரண்டாவது மாத்திரையாக க்ளோபிடோக்ரெல் கொடுத்தார்கள். அதே வேலைக்கான டிகாக்ரெலார்தானே வீரியமானது என்று கேட்டேன். இரண்டையும் ஒப்பிட்ட 2009இன் ப்ளேட்டோ ஆய்வையும் படித்திருந்தேன். "உண்மைதான். ஆனா 70 தாண்டினவங்களுக்கு ரத்தக்கசிவும் கூடுது. சிலருக்கு அந்த மாத்திரையே மூச்சு வாங்க வைக்கும், அப்புறம் இதயமா மாத்திரையான்னு நாமதான் குழம்பணும்," என்றார் டாக்டர்.

வலப்பக்கக் குழாயில் இன்னொரு அடைப்பு இருக்கிறது. அதையும் சரிசெய்வதா என்பது இப்போதைய கேள்வி. 75 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து 2023இல் வந்த ஃபயர் ஆய்வில், அட்டாக்குக்குக் காரணமான குழாயோடு நிறுத்தாமல், மற்ற அடைப்புகளிலும் ரத்த ஓட்டத்தை அளந்து தேவையானதைத் திறந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் பலன் தெரிந்திருக்கிறது. அப்பா சம்மதித்துவிட்டார். டை போட்ட பிறகு சற்று ஏறிய கிரியாட்டினின் பழைய அளவுக்கு வரட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.