கடலோரத்தில் கேன்சர் சாவு அதிகமா? ராமநாதபுரம் கணக்கை இந்தியக் கணக்கோடு ஒப்பிடுவது எப்படி

"எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கேன்சர்." தொண்டியில் இருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோர ஊரிலும் இந்தப் பேச்சு காதில் விழும். உப்புத்தண்ணி, கருவாடு, செல்போன் கோபுரம் என்று காரணமும் கூடவே வரும். காரணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அதிகம்தானா? அதிகம் என்றால் எதைவிட?

ஒப்பிடுவதற்கு எல்லோரும் எடுக்கும் எண் க்ளோபோகான் 2022, அதாவது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நாடுவாரியாக வெளியிடும் கணக்கு. இந்தியாவில் அந்த ஆண்டில் புதிதாகச் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புற்றுநோய், சுமார் 9.17 லட்சம் மரணம். மக்கள்தொகையால் வகுத்தால் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 65 மரணம். இதில் கவனிக்க வேண்டியது, இந்த 9.17 லட்சம் எண்ணி எடுத்ததல்ல, மதிப்பீடு. பதிவேடுகளில் கிடைத்த நோயாளிக் கணக்கில் இருந்து கணித மாதிரி (மாடல்) வைத்துக் கணித்தது. நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது கால்வாசிக்கும் குறைவு, அதனால் வேறு வழியும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டியை (நம் மாவட்டம் மாதிரி) நாட்டோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே இறப்புச் சான்றிதழ்களில் இருந்து வரும். நாம் ஒரு பக்கம் எண்ணியதையும் மறுபக்கம் கணித்ததையும் வைக்கிறோம். வேறு வேறு தராசில் நிறுத்த மீனை ஒப்பிடுகிற மாதிரிதான்.

இனி உள்ளூர்ப் பக்கம். மரணம் பதிவாவது நிகழ்ந்த இடத்தில். மண்டபத்துக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். கேன்சருக்குக் கடைசிக் கட்டச் சிகிச்சை பெரும்பாலும் மதுரை, சென்னை என்று போய்விடுவதால், உள்ளூர்ப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் கணிசமான பேர் விடுபடுவார்கள். மரணத்தைப் பதிவு செய்ய நிரப்பும் படிவம் 2-ன் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவர் வழக்கமாக வசித்த ஊர் இருக்கும். பதிவு அலுவலகத்தில் கணக்கு கேட்கும்போதே "வசிப்பிடப்படி தொகுத்தது வேண்டும்" என்று கேட்க வேண்டும். குடும்பத்துக்குத் தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, சட்டப்படியே இருக்கக் கூடாது. ஆகவே வீடு வீடாகச் சான்றிதழ் வாங்கிப் பார்ப்பது வீண் வேலை.

காரணம் எழுதப்படும் இடம் படிவம் 4, ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு மருத்துவர் தரும் மரணக் காரணச் சான்று. வீட்டில் இறந்தவருக்கு, கடைசியாகப் பார்த்த மருத்துவர் தருவது 4ஏ. அதில் முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணம், கீழே போகப் போக அதற்கு மூலம். சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: மேலே இரத்தத்தில் கிருமித்தொற்று, அடுத்து குடல் அடைப்பு, கடைசி வரியில் பெருங்குடல் புற்றுநோய். கணக்கில் சேர்வது அந்தக் கடைசி வரி. "இதயம், மூச்சு நின்றது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் கேன்சர் காணாமல் போகும். மார்பகத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவியதை வெறும் "ஈரல் புற்றுநோய்" என்று எழுதினால் மரணம் கேன்சரில்தான் சேரும், ஆனால் தப்பான உறுப்பில். வீட்டில் நடந்த சாவில் வி.ஏ.ஓ.விடம் சொல்வது "வயசாகி", "காமாலை", "வயித்துக்கட்டி".

அதனால் விகிதம் குறைவாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 13,53,445. தேசிய சராசரியைப் போட்டாலே ஆண்டுக்கு 880 கேன்சர் மரணம் வர வேண்டும். பதிவேட்டில் அதில் பாதிதான் தெரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பதிவேட்டை, கடற்காற்றைப் புகழ்வது அப்புறம். இரண்டு சோதனை போதும். ஒன்று, மொத்த மரணங்களில் "முதுமை", "காரணம் தெளிவில்லை" வகை எத்தனை சதவீதம். இரண்டு, அதே ஆண்டில் புது நோயாளிகளுக்கு மரணம் என்ன விகிதம். தேசிய மதிப்பீட்டில் அது 0.65. உங்கள் கணக்கில் 0.3 என்றால் மரணங்கள் விடுபட்டிருக்கின்றன. 1-க்கு மேல் போனால் நோயாளிகள் பதிவாகவில்லை. புது நோயாளிக் கணக்குக்கு 2012 முதல் மாநிலம் முழுவதையும் சேர்த்த தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் இருக்கிறது.

கிராமத்துக்குக் கேன்சர் குறைவு என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடலாம். வீடு வீடாகச் சென்று இறந்தவரின் அறிகுறிகளைக் கேட்டு, மருத்துவர்கள் காரணம் குறித்த பத்து லட்சம் மரண ஆய்வு, 2010-க்கு 5.56 லட்சம் கேன்சர் மரணம் என்று மதிப்பிட்டது. 71 சதவீதம் 30 முதல் 69 வயதுக்குள். கிராமம், நகரம் இரண்டிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்தது வயது. 2011-ல் 60 வயதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. முதியோர் கூடினால் கேன்சர் சாவும் கூடும், அதில் ஊரின் குற்றம் எதுவும் இல்லை. கடலோரத்தில் இன்னொரு சிக்கல் சேரும். இளவட்டம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் தங்கியிருப்பது குழந்தைகளும் பெரியவர்களும். ரேஷன் கார்டில் பெயர் இருப்பதால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை. வாக்காளர் பட்டியலில் வயது கிடைக்கும், இறந்தவர்களும் கிடைப்பார்கள். கிராம சுகாதார செவிலியரின் குடும்பப் பதிவேடுதான் இருப்பதில் நம்பகமானது.

வயதைச் சமன்செய்ய மாவட்ட அளவில் செகி உலகத் தர மக்கள்தொகையைப் பயன்படுத்தலாம். எல்லா ஊரையும் ஒரே வயது அமைப்பில் வைத்து ஒப்பிட உருவாக்கிய கற்பனை மக்கள்தொகை அது. அதில் லட்சம் பேரில் 60-க்கு மேல் 11,000 பேர். ஒரு பஞ்சாயத்துக்கு இந்த முறை வேண்டாம். பல வயதுக் கட்டங்களில் பூஜ்யம் அல்லது ஒரு மரணம்தான் இருக்கும், ஒரே ஆள் விகிதத்தைத் தூக்கிவிடுவார். சின்ன ஊருக்கு மறைமுக முறைதான் சரி: ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஊர் மக்கள்தொகையைத் தேசிய விகிதத்தால் பெருக்கி, கூட்டி, எத்தனை மரணம் எதிர்பார்க்கலாம் என்று எடுங்கள். நடந்ததை அதால் வகுங்கள். 1-க்கு மேல் வந்தால் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

8,000 பேர் உள்ள ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு 40,000 நபர்-ஆண்டுகள் (ஆள் எண்ணிக்கையை ஆண்டுகளால் பெருக்கியது), வயதுப் பிரிவை விட்டு முரட்டுக் கணக்காகப் போட்டால் 26 மரணம் எதிர்பார்க்கலாம். நடந்தது 34. "31 சதவீதம் கூடுதல்" என்று தலைப்பு போட்டுவிடலாம். ஆனால் 34 என்ற எண்ணிக்கைக்கு 95 சதவீத நம்பக வீச்சு, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்ட எல்லை, 23.5 முதல் 47.5 வரை. 26 அதற்குள்ளேயே இருக்கிறது. தற்செயலாகவே இப்படி அமையலாம் என்றுதான் இதை வைத்துச் சொல்ல முடியும். ஒரே ஆண்டின் எண்ணை வைத்துப் பேசுவது அதனால்தான் பயனில்லை.

போக்கு பார்ப்பதில்தான் எல்லோரும் சறுக்குவது. 2010-ல் 5.56 லட்சம், 2022-ல் 9.17 லட்சம் என்று அடுத்தடுத்து வைத்து அம்புக்குறி போடுவார்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் வந்தவை, போக்கு ஆகாது. உள்ளூரில் 2020, 2021 கொரோனாவால் கலங்கிய ஆண்டுகள், கேன்சர் நோயாளியின் சாவு கொரோனாக் கணக்கில் போயிருக்கலாம். 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. மாவட்டத்திலேயே சான்றளிக்கப்படும் மரணங்கள் கூடினால் கேன்சர் "ஏறுவது" போலத் தெரியும். மக்கள்தொகைக்கு இன்னும் 2011-ஐயே போட்டாலும் அதே ஏற்றம்தான், வகுக்கும் எண் பழையதாகவே நிற்பதால்.

மொத்தக் கேன்சரைவிட உறுப்பு வாரியாகப் பார்ப்பதில்தான் பலன். புகையிலை, பான், ஹான்ஸ் வாயில் அடக்குவது படகிலும் கரையிலும் சகஜம், எனவே ஆண்களில் வாய், தொண்டை முதலில். பெண்களில் மார்பகமும் கருப்பைவாயும் தனித்தனியாக. சென்னைப் பதிவேட்டில் பல ஆண்டுகளாகக் கருப்பைவாய் இறங்கி மார்பகம் ஏறியது, இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். "நாட்டைவிட அதிகம், சமம், குறைவு" ஒரு பக்கம், "ஏறுகிறது, நிலை, இறங்குகிறது" மறுபக்கம் என்று அமெரிக்காவில் செய்வது போல ஒன்பது கட்டம் போடலாம். அதிகமும் ஏறுவதும் சேர்ந்த கட்டத்துக்கே முதல் பரிசோதனை முகாம்.

அமெரிக்கக் கணக்கில் 16-க்குக் கீழான எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. இங்கும் அதைப் பின்பற்றுங்கள். விகிதம் நிலையாக இருக்காது என்பது ஒரு காரணம். குப்பத்தில் "பெண், 30-34, கருப்பைவாய், 1" என்று அட்டவணை ஒட்டினால் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.