கொம்பும் காலும்: நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 10, 2024, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. சிறப்பு ஆசிரியையாக எனக்கு இது இருபத்திரண்டாவது ஜூன். நன்னிலம் பக்கம் ஆறு பள்ளிகள் என் பொறுப்பு. இன்று போன பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு பெண்ணைக் காட்டி, "கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்றா. புத்தகத்தக் குடுத்தா வாயே திறக்கமாட்டேங்குறா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். 'கெ' என்றாள். கொஞ்சம் நின்று 'ர' என்றாள். அப்புறம் 'டி'. கெரடி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், திட்டு விழும் என்று.

ஜூன் 12, புதன்

அந்தக் 'கெரடி' மனதைவிட்டுப் போகவில்லை. துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரிதானே இருக்கிறது! கொம்பு வேறு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கண் முதலில் பார்த்ததை வாய் கடைசியில் சொல்ல வேண்டும். நமக்குப் பழகிப்போனது. டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எழுத்தை ஒலியோடு சேர்ப்பதே பெரும்பாடு. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்துவிடுவாள், கலைத்துப் போட்டால் தடுமாறுவாள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு இன்றைக்கும் சண்டை போடுகிறேன்.

ராத்திரி அட்டை வெட்டினேன். கொம்பும் காலும் சிவப்பு, நடுவில் நிற்கும் எழுத்து கறுப்பு.

ஜூன் 21, வெள்ளி

தட்டில் ஆற்று மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொன்னேன். திண்ணைப் பள்ளியில் நம் பாட்டன்மார் செய்ததுதான். "சிவப்பு ரெண்டும் ஒரே ஆளோட ரெண்டு கை. நடுவுல இருக்கறவனக் கட்டிப் பிடிச்சிருக்கு" என்றேன். தன் இரண்டு கையாலும் கறுப்பு அட்டையை அணைத்துப் பார்த்துவிட்டு, "கொ" என்றாள். சத்தமாக.

ஜூலை 4, வியாழன்

2003, என் முதல் வருஷம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒரே சொல்லை ஐம்பது முறை எழுத வைத்தேன். ஐம்பதையும் எழுதிவந்தான், ஐம்பதும் ஐம்பது விதம். அடுத்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு 1995 சட்டம்தான் இருந்தது, அதன் ஏழு வகைகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டம்தான் இதையும் 21 வகைகளில் சேர்த்தது. ஆனால் அந்தப் பையனை ஐம்பது முறை எழுத வைத்தது நான்.

ஜூலை 19, வெள்ளி

பெண்ணின் அம்மா வந்திருந்தார். மருத்துவ முகாம், அடையாள அட்டை, பத்தாவது பரீட்சையில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் என்று எல்லாம் விளக்கினேன்.

"ஊனம்னு முத்திரை குத்துன மாதிரி ஆயிடாதா டீச்சர்? நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னா?"

அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இப்படித்தான் எழுத்து நிக்காது. நாலாவதோட நின்னுட்டேன்." பலமுறை பார்த்திருக்கிறேன், இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு.

ஆகஸ்ட் 8, வியாழன்

அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணும் நின்றாள். வந்த பஸ்ஸின் பலகையில் விரலை நீட்டி, "கொல்... லு... மாங்... குடி" என்றாள். பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை.

"பூந்தோட்டம் எப்படி எழுதுவாங்க டீச்சர்?"

மண்ணில் எழுதிக் காட்டினேன். தோ-வின் கொம்பு வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். இரட்டைக் கொம்புக்கு அட்டை இன்னும் வெட்டவில்லை, இன்று ராத்திரி வெட்ட வேண்டும்.